34ஆம் பக்கம், மூன்றாம் கட்டம்

பக்கத்துக்கு நூற்று முப்பது ரூபாய்.
அந்தக் கூலிக்கு இதுவரை
பதினொரு தடவை உலகத்தை அழித்திருக்கிறேன்,
சிந்துபூந்துறை மாடி அறையில்
மின்விசிறியை இரண்டில் வைத்துக்கொண்டு.

படம் அவர்களுடையது, பேச்சு என்னுடையது.
வானம் கிழியும்போது கீழே ஒரு கூட்டம் நிற்கும்.
மூக்கு இருக்கும், கண் இருக்காது;
வரைகிறவருக்கு நேரம் இல்லை.
எல்லா வாயும் ஒரே அளவில் திறந்திருக்கும்.
அதில் நான் வைப்பதற்கு மூன்றே வசனம்:
"ஐயோ!"
"அதோ, மேலே பாருங்கள்!"
"நம்மை யார் காப்பாற்றப் போகிறார்கள்?"
மூன்றாவது நீளம். பெரிய பலூன் கிடைத்தால் மட்டும்.

பிறகு வெண்கலத்தோளன் வருவான்.
கட்டிடம் கட்டிடமாகச் சரியும்.
அடுத்த மாத இதழில்
சன்னல் கண்ணாடியெல்லாம் பழையபடி ஒட்டியிருக்கும்.
உடைசலைக் கூட்டியது யார் என்று
ஒரு கட்டத்திலும் கிடையாது.
நானும் கேட்டதில்லை,
அந்த மழை வரைக்கும்.

ராத்திரி ஒன்றரைக்கு
பிரமநாயகம் தெருவில் நின்று போனில் கத்தினார்:
"குறுக்குத்துறை முருகன் முங்கியாச்சா, இல்லையாவே?"
அவர் மேலே பார்க்கவில்லை.
யாருமே மேலே பார்க்கவில்லை.
முழங்காலைப் பார்த்தார்கள்.
வாசலில் இன்னும் எத்தனை படி பாக்கி என்று பார்த்தார்கள்.

விடிந்தபோது ஆறு எங்கள் தெருவுக்குள் திரும்பியிருந்தது.
ஒரு கேஸ் சிலிண்டர்
வாடகை வசூலிக்க வந்தவர் மாதிரி
ஒவ்வொரு கதவாக முட்டிப் பார்த்துப் போயிற்று.
என் அறையில் பத்தொன்பது பேர்.
பன்னிரண்டாவது உலக அழிவு கட்டிலில் கிடந்தது;
அதன்மேல் கீழ்வீட்டு டார்த்தி
கைக்குழந்தையைக் கிடத்தித் துணி மாற்றினாள்.

"ஏட்டி, ஆதார் கார்டை மேல எடுத்து வச்சியா?"
"யாருட்ட சார்ஜ் இருக்கு? ஒரு கால் போட்டுட்டுத் தாரேன்."
"மோட்டார் ஸ்விட்சத் தொட்டுராதீங்க."
நடுவில் ஒரு சண்டையும் நடந்தது.
நாலு வருஷத்து மதில் தகராறு.
மதில் தண்ணீருக்குள் போன பிறகும்
அது எங்கே இருந்தது என்று
இரண்டு பேரும் விரல் நீட்டினார்கள்.

ஒருத்தன் பால் பாக்கெட்டை
நூற்றைம்பதுக்கு விற்றான்.
அவன் யாரென்று தெரியும். அவன் அக்கா என்னோடு படித்தவள்.
இந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் கண் இருந்தது,
அதுதான் தொந்தரவு.

மூன்றாம் நாள் உவரிப் பக்கமிருந்து
லாரியில் ஒரு படகு வந்தது.
பாலம் போயிருந்ததால் சுற்றி வந்தாராம்.
பெயர் கேட்டேன்.
"காஞ்ச பீடி ஒண்ணு கெடைக்குமா?" என்றார்.
செய்யது மசூது சட்டைப் பைக்குள்
பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒரு கட்டு வைத்திருந்தார்.
அவரிடம் கேட்ட அத்தனை பேருக்கும்
இல்லை என்று சொல்லியிருந்த கட்டு.

பிறகு சேறு.
பதினேழு நாள் சேறு.
பேராச்சியும் எட்டுப் பேரும் அள்ளினார்கள்,
கையுறை ஒரு கைக்குத்தான் கிடைத்ததாம்.
மெத்தை, நோட்டுப் புத்தகம், செத்த ஆடு,
யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம்.
அழிவுக்கு என்றால் இரண்டு பக்கத்தையும் விரித்து
நடு பின் வரைக்கும் வண்ணம் ஊற்றுவார்கள்.
சேற்றுக்கு ஓரத்தில்கூட இடம் விட்டதில்லை.

சிவகாசியிலிருந்து போன் வந்தது:
"திங்கட்கிழமைக்குள்ள முடிச்சிருங்க, மேடம்."
பக்கங்கள் காய்ந்தும் காயாமலும் அலையலையாய் நின்றன.
34ஆம் பக்கம், மூன்றாம் கட்டம்.
இடது மூலையில், கண் வரையாத ஒருத்தி.
மூலத்தில் அவளுக்கு "ஐயோ!"

நான் எழுதினேன்:
"மோட்டார் ஸ்விட்சத் தொட்டுராதீங்க."

பலூனில் அடங்கவில்லை.
எழுத்தைச் சுருக்கினேன். அப்போதும் அடங்கவில்லை.
பக்கத்தில் வெண்கலத்தோளன்
"அஞ்சற்க, மானிடரே! இதோ நான் வந்துவிட்டேன்!" என்று
பாதிக் கட்டத்தை அடைத்துக்கொண்டிருந்தான்.
"வந்துட்டேன்" போதும் என்று
அவனைக் குறைத்தேன்.

கோபித்துக்கொள்ள மாட்டான்.
அவனுக்கு அடுத்த மாதமும் இருக்கிறது.