கொக்கி வைத்த ர

பிர்னோவில் அன்று பனி.
நாலாம் எண் டிராம் தண்டவாளத்தோடு உறைந்து நின்றதால்
ஹினெக் நடந்தே வந்தான், காதெல்லாம் சிவந்து.
வந்ததும் வராததுமாய்ச் சண்டையைத் தொடங்கினான்.

சண்டை ஒரு லைப்ரரியைப் பற்றி.
புத்தகம் அடுக்கிய லைப்ரரி அல்ல,
மின்னஞ்சல் அனுப்ப எவரோ எழுதிவைத்த நிரல்.

எங்கள் விக்கி குகைக்காரர்களுடையது.
எந்தப் பிளவுக்கு எத்தனை மீட்டர் கயிறு,
எந்த மழைக்கு எந்தப் பாதை நிரம்பும்
எல்லாம் எழுதிவைப்பார்கள்.
பிறகு பூமிக்குள் போய்விடுவார்கள்.
மேலே வரும்போது கடவுச்சொல் மறந்திருக்கும்.
'நினைவூட்டு' என்ற பொத்தானை அழுத்துவார்கள்.
சர்வரோடு வந்த பழைய மெயில் கட்டளை
கடிதத்தைக் கொண்டுபோய்க் குப்பை அஞ்சலில் தள்ளும்.

ஒல்ட்ரிஷிக் என்பவருக்கு மட்டும் ஒன்று ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.
அவர் பெயரில் கொக்கி வைத்த ர ஒன்று உண்டு.
அது இருந்த இடத்தில் கேள்விக்குறி.
"அறுபது வருடமாக எனக்கு இதுதான் பெயர்.
உங்களுக்கு என்ன சந்தேகம்?"
பதில் போட்டிருந்தார்.

நான் பெரியதைச் சொன்னேன்:
எல்லா எழுத்தும் தெரியும், கோப்பு இணைக்கும், படம் ஒட்டும்,
தானே நாற்பத்தேழு கோப்பு.
ஹினெக் கணக்கில் அது குருவி தலையில் பனங்காய்.
அவனுடையது ஒரே கோப்பு.
எழுதியவர் இரண்டு வருடமாக எந்தக் கடிதத்துக்கும் பதில் போடுவதில்லை.
அஞ்சலுக்கு நிரல் எழுதியே
அஞ்சல் கசந்துவிட்டது போல, என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

நாலு மணிக்குக் காப்பி வாங்க இறங்கினான்.
குறை கண்டுபிடிக்கத்தான்
அவனுடையதை எடுத்து விக்கியில் கோத்தேன்.
அவன் பயனர் பெயருக்கே நினைவூட்டல் கேட்டேன்,
சோதனைக்காக என் முகவரிக்குத் திருப்பி.
மூன்று நொடி.
ஒரு கொக்கிகூட உதிரவில்லை.

அன்புள்ள ஹினெக்,
நீங்கள் மறந்த கடவுச்சொல்:
பிளாங்காசொல்வதேசரி7

பிளாங்கா நான்தான்.

இதையா தினமும் காலையில் தட்டிவிட்டு
என் பக்கம் திரும்பி
'அதெல்லாம் சரிப்படாது' என்கிறான்?

ஜன்னலைத் திறந்தேன், மூடினேன்.
அடுத்தவன் கோட்டுப் பையில் கைவிட்டது மாதிரி இருந்தது.
நானூற்றுப் பன்னிரண்டு பேருடைய பை
இப்படித்தான் பித்தான் இல்லாமல் தொங்குகிறது,
நாங்கள் தைத்துக் கொடுத்தது.

இரண்டு கோப்பையோடு வந்தான்.
உன்னுடையதையே வைத்துக்கொள்ளலாம், என்றேன்.
"உனக்கு உடம்பு சரியில்லையா?"
ஆனால் கடவுச்சொல்லை அனுப்பக் கூடாது, என்றேன்.
அப்படியே வைத்திருக்கவும் கூடாது.
மாவாக அரைத்துவிட வேண்டும், திரும்ப அரிசி ஆகாதபடி.
மறந்தவருக்கு ஒரு சுட்டி போகட்டும்,
ஒரு மணி நேரம் உயிரோடு இருக்கட்டும்,
புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளட்டும்.

"யாராலும் படிக்க முடியாதா?"
நம்மாலும்.

கோப்பையை என் மேசையில் வைத்தான்.
திரையில் அந்தக் கடிதம் இல்லை, மூடியிருந்தேன்.
"அப்படியானால் என்னுடையதை
முதலில் அரைத்துவிடு" என்றான்.
அறைக்குள் வந்து இத்தனை நேரமாகியும்
காது அப்படியே சிவந்திருந்தது.

அந்த ஏழு எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன்.
கீழே டிராம் ஓடத் தொடங்கியிருந்தது.