ஒரு வேளைக்கு இரண்டு

மருத்துவமனை மேசையில்
பிளாஸ்டிக்கில் செய்த டோர்ட்டியா ஒன்று இருந்தது,
பிளாஸ்டிக் கோழித்துண்டுக்கும்
பிளாஸ்டிக் வாழைப்பழத்துக்கும் நடுவில்.
உணவு ஆலோசகப் பெண் அதை எடுத்து
எர்மீலோவின் உள்ளங்கையில் வைத்தாள்.
"இந்த அளவு. ஒரு வேளைக்கு இரண்டு."
நாற்பத்தொன்பது வயது வரை
அவன் எதையும் எண்ணித் தின்றதில்லை.
சர்க்கரைதான் அவனை எண்ணிக்கொண்டிருந்தது.

இஸ்தபலாப்பாவின் மேட்டுத் தெருக்களுக்குத்
தண்ணீர் லாரி ஓட்டுகிறவன்.
எத்தனை வீடு, எத்தனை பீப்பாய், எத்தனை வசவு,
எல்லாம் விரல்நுனியில்.
டோர்ட்டியா மட்டும் கணக்கில் வராது.
அது துணிக்குள் சூடாக இருக்கும்.
கை போகும்,
கை வரும்.

மதியம் வழக்கம்போல வரிசை.
இயந்திரம் முனகி முனகி
வட்டங்களைத் துப்பிக்கொண்டிருந்தது.
சுண்ணாம்பு நீரில் இரவெல்லாம் ஊறிய சோளம்
வேகும்போது வருகிற மணம்,
வெள்ளையடித்த சுவரில் மழை விழுந்ததுபோல,
தெருமுனையிலேயே ஆளைப் பிடித்து நிறுத்தும்.
கடைக்காரி ஃபிலேமோனா கேட்காமலே
இரண்டு கிலோ நிறுத்தாள்.
"ஒன்று போதும்."
தராசைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.
"வீட்டில் யார் செத்தது?"

"யாரும் இல்லை. சர்க்கரை."
அப்படியா என்றாள்.
வரிசையில் மூன்று பேரும் அப்படியா என்றார்கள்.
ஒருத்தி தன் மாமனின் காலைப் பற்றிச் சொல்ல வாயெடுக்க
இன்னொருத்தி முழங்கையால் இடித்தாள்.
உப்புக் கிண்ணம் அங்கேயே இருந்தது.
உப்பு தூவிச் சுருட்டி
வீடு சேர்வதற்குள் தின்கிற அந்த ஒன்று
கணக்கில் உண்டா இல்லையா?
இதை அந்தப் பெண்ணிடம் கேட்க மறந்துவிட்டான்.

ஒப்துலியா இரண்டை வைத்தாள்,
கறுப்பு அவரைக்கொட்டைக் குழம்போடு.
முதலாவது மிளகாய்ச் சாந்திலேயே முடிந்தது.
இரண்டாவதைப் பாதியாக்கினான்,
பாதியைக் காலாக்கினான்,
பிறகு நகத்தளவு.
அவரை மிஞ்சியது.

இதுவரை சாப்பாடு இப்படி முடிந்ததில்லை.
மிஞ்சிய அவரைக்கு இன்னொரு டோர்ட்டியா,
மிஞ்சிய டோர்ட்டியாவுக்கு இன்னொரு கரண்டி அவரை,
ஒன்றை ஒன்று துரத்தி
எது முதலில் களைத்தது என்று தெரியாமலே
எழுந்து கை கழுவுவான்.
இன்று இழுப்பறை திறந்தது.
கல்யாணத்துக்கு வந்த ஸ்பூன்.
ஊரார் வாயெல்லாம் போய்வந்த பொருள்;
டோர்ட்டியா என்றால்
ஒரே ஒரு வாய்க்குக் கரண்டியாக இருந்து
அதோடு அதுவும் வயிற்றுக்குள் போய்விடும்.
பீங்கானில் இரும்பு உரசிய ஓசைக்கு
மகள் நெரெய்தா பாட்டை நிறுத்திவிட்டு
எட்டிப் பார்த்தாள்.

அன்றிரவுதான் முதன்முறையாக
அந்த வீட்டில் டோர்ட்டியா மிஞ்சித் தூங்கியது.
காலையில் விளிம்பு விறைத்திருந்தது.
ஒப்துலியா அடுக்கி வைத்து வெட்டினாள்,
எண்ணெயில் பொரித்துப்
பச்சைத் தக்காளிச் சாற்றில் புரட்டினாள்.
இப்போது எது ஒன்று, எது இரண்டு?
இதற்குப் பிளாஸ்டிக்கில் யாரும் அச்சு வார்க்கவில்லை.

நெரெய்தா கணக்கியல் படிக்கிறாள்.
"ஒன்றுக்கு ஆறு முக்கோணம் அப்பா.
உனக்குப் பன்னிரண்டு."
எண்ணித்தான் வைத்தாள்.
எண்ணித்தான் தின்றான்.
பதின்மூன்றாவது எப்படியோ தட்டில் கிடந்தது,
சாற்றில் பாதி முழுகி,
ஒரு மூலை மட்டும் மேலே நீட்டி.
அவன் அதைப் பார்த்தான். மகள் அதைப் பார்த்தாள்.

ஒப்துலியா அடுப்பை அணைத்தாள்.
அணைந்த அடுப்பை
வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.
திரும்பியபோது தட்டில் சாறும் இல்லை.
ஸ்பூன் ஈரம் படாமல்
பக்கத்திலேயே கிடந்தது.