மூணு புள்ளி ஒன்பது

சிவாஜிநகர் குஜ்ரியில்
கான்டெஸா ஒன்றின் இடுப்பெலும்பைப்
பன்னிரண்டாயிரத்துக்குப் பேசி முடித்தோம்.
ஆட்டோவின் இருபக்கமும் நீட்டிக்கொண்டு,
யாரோ ஒருவரின் முழங்காலை உரசி
வசவு வாங்கிக்கொண்டு வந்துசேர்ந்தது.

எழுபத்தெட்டு மாடல் அம்பாசடருக்கு
இரண்டு விரல் அகலம் கூடுதல்.
நஸ்ருல்லா வெட்டினான்,
ஸ்பிரிங் உட்காரும் இடத்தை நகர்த்திப் பற்றவைத்தான்.
கிரவுன் பல்லில் நீலம் தடவிச் சுழற்றி
கடி எங்கே விழுகிறதென்று
டார்ச் அடித்துப் பார்த்தான்.
"குதிகால்ல கடிக்குது சார்."
ஒரு ஷிம்.
மறுபடி நீலம்.
இன்னொன்று, சிகரெட் தாள் கனத்தில்.
மூன்று சனிக்கிழமைகள் இப்படியே போயின.

பழைய ரேஷியோவில் எழுபதைத் தொட்டாலே
பின்சீட்டுக்கு அடியில் ஊளை எழும்.
இனி நூறிலும் எஞ்சின் தூங்கும் என்றான்.
காக்ஸ் டவுனிலிருந்து சில்க் போர்டு வரை
முள் பதினொன்றைத் தாண்டவில்லை.

அதிகாலை மூன்றரைக்கு,
எலஹங்கா மேம்பாலத்தில்தான் வாய்த்தது.
எண்பது. தொண்ணூறு.
ஊளை இல்லை.
கதவுக் கைப்பிடியின் கிடுகிடுப்பு,
டிக்கியில் ஜாக்கி உருளும் சத்தம்,
அப்புறம் பக்கத்திலிருந்து, வெகு மெல்ல,
"மெதுவா... மெதுவா..."

சாலையைப் பார்த்தபடி
ரெஜினா சொல்லிக்கொண்டிருந்தாள்,
என்னிடம் சொல்வதுபோல் இல்லை.

எப்போதிருந்து, என்று கேட்டேன்.

"வண்டி வாங்கின நாள்லேருந்து."

அறுபதுக்கு இறக்கினேன்.
அவள் நிறுத்தவில்லை.