இரண்டு பெட்டிகள்

முதலில் வந்த அழைப்பை வெட்டிவிட்டேன்.
சமூகக் காப்புறுதி இலக்கத்தைக் கேட்ட
அவசரம் பிடிக்கவில்லை.
கம்பெனிக் கடிதத்தில் இருந்த நம்பரை
நானே அழுத்தினேன்.
பன்னிரண்டு நிமிடம் பியானோ.

ஸ்காபரோ, பேக்கரியின் பின்கதவு.
சப்பாத்தெல்லாம் மா.

புகைப்பீர்களா?
இல்லை. போறணைப் புகை சேர்த்தியா?
அந்தப் பெண் சிரிக்கவில்லை.
எடையில் மூன்று கிலோ குறைத்துச் சொன்னேன்,
உடனே திருத்தினேன்:
பொய் இருந்தால் பிறகு காசு வராதாம்.

தந்தை இறந்த வயது?
தெரியாது.
காரணம்?
தெரியாது. பஸ்ஸில் ஏற்றினார்கள்.
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

தட்டச்சுச் சத்தம் நின்றது.
"இங்கே இரண்டு பெட்டிதான்.
உயிரோடு என்று போடட்டுமா?"

அது பொய்யா என்று
அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும்.
போடுங்கள்.
வயது?
விரல் மடித்து எண்ணினேன். எழுபத்தெட்டு.
நோய் ஏதும்?
முழங்கால் வலி. அது இருந்தது.

மாதம் முப்பத்தொரு டொலர், இருபது வருடத்துக்கு.
பத்திரம் வந்தபின் பத்து நாள்
வாசித்துப் பார்க்கலாம், வேண்டாமென்றால் திருப்பலாம்.

உள்ளே பாண் கருகுகிற மணம்.
சூப்பர்வைசர் கதவைத் தட்டுகிறார்.
நான் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்
மகளின் பெயரை.