மஞ்சள் வெள்ளிகள்

முதலில், வளர்கிற வயசு வலி என்றார்கள்.
பிறகு, ஸ்கேட்டிங்கில் விழுந்திருப்பாய் என்றார்கள்.
விழவில்லை.
காலையில் மட்டும் முழங்கால்
பனி இறுகிய தாழ்ப்பாள்போல் மக்கர் பண்ணும்.
பத்து மணிக்குள் தானே இளகிவிடும்.
அதனால் யாரும் நம்பவில்லை,
முதல் பீரியட் கணக்கு வாத்தியார் உட்பட.

ஏழு மாதம் கழித்து, ஓலு ஆஸ்பத்திரியில்
டாக்டர் ஹியெதலா
என் கணுக்களை ஒவ்வொன்றாக அமுக்கினார்
பழம் பார்த்து வாங்குகிறவர் மாதிரி.
எழுபத்து மூன்று மூட்டுகள். ஒன்பதில் வீக்கம்.
கண்ணுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்தார்கள்:
அங்கேயும் வருமாம், வலிக்காமலே.

வெள்ளிதோறும் ஊசி.
மருந்து மஞ்சள்.
இப்போது கடுகுச் சாந்தைக் கண்டாலே குமட்டுகிறது,
எலுமிச்சை, மழைக்கோட்டு,
வில்யாவின் புது சைக்கிள்கூட.

நேற்று அம்மா வெளியிலேயே உட்கார்ந்தாள்.
எனக்குப் பதினாறு ஆகிவிட்டதாம்.
கதவு சாத்தியதும் சொல்லிவிட்டேன்:
மூன்று ஊசி போட்டுக்கொள்ளவில்லை.
பால் டப்பாவுக்குள் திணித்து எறிந்தேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை.
ரத்தம் முன்பே சொல்லியிருக்கும்,
என் மணிக்கட்டும்.
"வெள்ளி ராத்திரி என்ன விசேஷம்?"
எல்லாரும் ஆற்றங்கரைக்குப் போவார்கள்.
நான் வாளியோடு இருப்பேன்.

"சரி, ஞாயிற்றுக்கிழமை?"

அவ்வளவுதான்.
இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில்
யாருக்கும் தோன்றாத ஒரு கிழமை.

கோட்டுப் பொத்தான்களை நானே போட்டேன்.
நேரம் பிடித்தது. அம்மா கை நீட்டவில்லை,
நீட்டப்போய் பையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கள் காலைக் கணக்கு வகுப்பு போகும்.
போகட்டும்.