உப்பு கூடின நாள்

அண்டியாபீசில் எனக்கு எதிர்ப்பலகை விஜிலாவுடையது.
ஒன்பது நாள் காலியாகக் கிடந்தது.
பத்தாம் நாள் மேஸ்திரி
புதுக்கடைக்காரி ஒருத்தியை அதில் இருத்தினார்.
அவள் கை வேகம்.
எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் பாலப்பள்ளம் பஸ்ஸில் இறங்கி
அரைக்கிலோ சாளையும்
வாய் நிறையப் பேச்சுமாகப் போனேன்.
ஒனக்கு என்ன கொறவு டீ.
பிள்ளைக்க முகத்த நினைச்சுப் பாரு.
ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வா, சரியாப் போவும்.
அவள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
விசிறி ஓடவில்லை.

மாமியார் அடுக்களையிலிருந்து,
'எழும்பவே மாட்டேங்கா, மடி' என்றார்.
கொல்லத்தில் கான்கிரீட் வேலைக்குப் போயிருக்கும் ஜெபசிங்
போனில், 'அவளுக்கு என்னதான் வேணும்னு கேட்டுச் சொல்லுங்க அக்கா' என்றான்.
சண்டைக்காகக் கேட்கவில்லை.
நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

நான் கேட்டேன்.
வெப்ராளமா டீ?

'வெப்ராளம் இல்ல.
வெப்ராளம் வந்தா அழுதுறலாம்.
அண்டி தல்லும்போ எண்ண பொள்ளாம
கையில சாம்பல் பூசுவோம்லா,
அதுபோல.
பிள்ள வந்து கெட்டிப் பிடிக்கான்.
பிடிக்கான்னு தெரியுது.
அவ்வளவுதான்.'

கொண்டுபோன பேச்சு எல்லாம்
மீனோடு சேர்ந்து நாற ஆரம்பித்தது.

அடுத்த நாள் வெறுங்கையோடு போனேன்.
பானையைக் கழுவினேன்.
அவளுடைய தலை சிக்குப்பிடித்துக் கிடந்தது.
நுனியிலிருந்து தொடங்கினேன்.
மூன்று சாயங்காலம் எடுத்தது அந்தத் தலை.
மூன்றாம் நாள், அவள் பின்பக்கம் இருந்து,
முகம் பார்க்காமல் கேட்டேன்,
நாக்கு வறண்டு, சீப்பு வழுக்க:
செத்துப்போவணும்னு தோணுதா?

வெளியே யாரோ பைக்கை நிறுத்திப் பூட்டிப் போகும்வரை
பதில் இல்லை.
'ராத்திரி தோணும்.
நீ ஒருத்திதான் கேட்டே.'

அன்று ராத்திரி அங்கேயே படுத்தேன்.
காலையில் கருங்கல், திங்கள்சந்தை, நாகர்கோவில்,
அங்கிருந்து ஆசாரிப்பள்ளம்.
மனநலப் பிரிவு என்ற பலகைக்குக் கீழே
முந்தானையால் முகத்தை மூடி நின்றாள்.
உள்ளே பெஞ்சில்
எங்கள் கோயில் பாடகர் குழுவின் ஸ்டெல்லாபாய்.
மூன்று பேரும் சுவரைப் பார்த்தோம்.
பிறகு ஸ்டெல்லாபாய்
கைப்பையை எடுத்து மடியில் வைத்து
தள்ளி இருந்து இடம் தந்தாள்.

மாத்திரை உடனே பிடிக்காது,
இரண்டு மூன்று வாரம் ஆகும்,
நிறுத்திவிடாதீர்கள் என்றார் டாக்டர்.
நாங்கள் எண்ணினோம்.
ஆறாம் நாள் ஒன்றுமில்லை.
பதினொன்றாம் நாள் அவள் என்மேல் எரிந்து விழுந்தாள்,
வராதே என்றாள்.
முற்றம்வரை போய்த் திரும்பி வந்தேன்.
நானும் கொஞ்சம் அழுதேன், அதைச் சொல்லத்தான் வேண்டும்;
எனக்கும் கூலி போய்க்கொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நாள்
என் குழம்பை வாயில் வைத்துவிட்டு
'உப்பு கூடிப்போச்சு டீ' என்றாள்.
இத்தனை வருஷத்தில்
என் சமையலை யாரும்
இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

இப்போது வேலைக்கு வருகிறாள்.
வராத நாளும் உண்டு.
முன்பு மேஸ்திரியிடம் காய்ச்சல் என்று பொய் சொல்வேன்.
இப்போது, இன்னைக்கு அவளுக்கு ஆவாது, என்கிறேன்.
அவர் ஏதோ முனகி எழுதிக்கொள்கிறார்.

ஒருநாள் தோலெடுக்கையில்
அவள் தட்டில் நிறைய உடைசல்.
உடைஞ்சதுக்கும் விலை உண்டு டீ
என்று சொல்ல வாயெடுத்து
விழுங்கிவிட்டேன்.
அவள் பருப்பு இல்லை.

சில ராத்திரி போன் வரும்.
பேச மாட்டாள்.
நானும் கேட்க மாட்டேன்.
போனை அரிசிச் சாக்கின்மேல் நிறுத்தி
பாத்திரம் கழுவுவேன்,
பையனைத் திட்டுவேன்,
ரப்பர் இலைகளில் மழை பெய்தால்
கதவைத் திறந்துவிடுவேன்,
அவளுக்கும் கேட்கட்டும் என்று.