பை-டூ

க-வில் தொடங்கும் எந்தச் சொல்லும்
என் தொண்டையில், ஒரு மாடிக்கும் மறுமாடிக்கும் நடுவே
நின்றுவிடும்.
கதவு. கடலை. கடன்.
என் பெயர் கமலநாதன்,
யார் வைத்தார்களோ.

லிஃப்ட் பழுது பார்ப்பவன் நான்.
ஒயிட்ஃபீல்டில் பதினான்கு மாடிக் கட்டடம்.
'பராமரிப்பு நடக்கிறது' அட்டையைக் கீழே மாட்டிவிட்டு
கண்ணாடி பதித்த காலிப் பெட்டிக்குள்
ஏறி இறங்கி ஒன்பது நாள்
சொல்லிப் பார்த்தேன்:
காபி.
கா. கா. காபி.
ஆறாம் மாடியில் ஒருமுறை சுத்தமாக வந்தது.
கேட்க ஆளில்லை.

வியாழன்தோறும் மாலை ஏழு மணிக்கு
மல்லேஸ்வரத்தில் ஒரு தையற்கடைக்கு மேல்
கன்னட வகுப்பு.
பதினோரு பேர். அங்கே எல்லோருமே திக்குவாய்தான்.
'நீரு பேக்கு' சொல்லி முடிப்பதற்குள்
தாகம் தீர்ந்துவிடும் சிலருக்கு.
அந்த அறை எனக்குப் பிடித்ததற்கு அது ஒரு காரணம்.
இன்னொன்று லிப்சா.

சம்பல்பூர்க்காரி. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவள்.
இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டுவிட்டு
பதில் வரும்வரை காத்திருப்பது
அவளுக்கு மாதச் சம்பளம்.
ஜோடிப் பயிற்சியில் நான் மணி கேட்க வேண்டும்.
'கண்டே எஷ்டு.'
முதல் எழுத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.
எல்லோரும் செய்வதுபோல
மீதியை அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.
புத்தகத்தைப் புரட்டவில்லை.
நான் வந்து சேர்ந்ததும்
'ஏழரை' என்றாள்.
ஊரில் அது சனி.
எனக்கு வியாழன்.

'வேணாம்னு சொன்னா விட்டுடாதே,
பின்னாலேயே போ, மசிவா'
என்றான் அறைத்தோழன் சகாயராஜ்.
பாரம் கூடினால் பெட்டி மணியடிக்கும், சகாயம்.
அடித்த பிறகும் இறங்காமல்
வயிற்றை உள்ளிழுத்து நிற்பவனை
வாரத்துக்கு மூன்று தரம் பார்க்கிறேன்.
கதவு மூடாது.
எல்லோரும் அவனையேதான் முறைப்பார்கள்.

மழை விட்ட ஒரு வியாழன்.
படிக்கட்டில் வேண்டாம், குறுகல்.
கீழே, ஆள் நடமாடும் வெளிச்சத்தில்,
அவளுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் குறுக்கே இல்லாமல்
இரண்டடி தள்ளி நின்றேன்.
உள்ளங்கையில் கிரீஸ் வாசனை, எவ்வளவு கழுவியும்.

க.
க.
ஓர் ஆட்டோ போனது.
நாய் ஒன்று தெருவைக் கடந்து, யோசித்து, திரும்பி வந்தது.
அவள் நின்றாள்.
காபி, எட்டாவது கிராஸில், பை-டூ.
இருபது நிமிஷம்.
உங்களுக்குத் தோன்றினால்.

'நான்...' என்றாள்.
அவளும் நடுவில் நின்றுவிட்டாள்.
அந்த இடைவெளியில் போட
என்னிடம் எத்தனையோ சொற்கள்,
ஒன்றுகூட க-வில் இல்லை:
வேலை இருக்கா, நேரமாயிடுச்சா,
பரவாயில்லை, சும்மாதான் கேட்டேன்.
எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.
ஈரத்தில் வண்டிகள் போகும் சத்தம்.
'இவத்து பேட.'
இன்று வேண்டாம்.

அந்த 'இன்று' என்பதைப் பிடித்துத் தொங்கத் தோன்றியது.
அப்படியானால் என்று, என்று.
தொங்கவில்லை.
சரி, என்றேன்.
இரண்டு மொழியிலும் அதே சொல்.
ச எனக்கு வரும்.
அவள் தலையசைத்தாள், முகம் இறுகவில்லை,
பஸ் வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.
அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

எட்டாவது கிராஸ்வரை நடந்தேன்.
வானம் இடிந்து விழும் என்று
பதினைந்து வயதிலிருந்து நினைத்திருந்தேன்.
தூறல்தான் விழுந்தது.

கல்லாவில் நின்று 'க' என்றதுமே
'காபியா?' என்றார், பில் அடிக்கக் கை ஓங்கி.
பின்னால் நாலு பேர் வரிசை.
இருங்க, என்றேன்.
நானே சொல்றேன்.